சதைக்குள் முத்து, தசைக்குள் எலும்பு

பார்களின் வரலாறு – 12

சென்ற அத்தியாயத்தை 1905ஆம் ஆண்டுச் சலாபத்தோடு, அதாவது முத்துக்குளிப்போடு, நிறுத்தியிருந்தோம். அந்த ஒரே பருவத்தில் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் கரையேறின. அரசுக்கு ஏறத்தாழ 25 இலட்சம் ரூபா சேர்ந்தது. மறு ஆண்டே பார்கள், அதாவது முத்துச் சிப்பிகள் வளரும் கடலடித் திட்டுகள், அத்தனையும் ஆண்டுக்கு 3,10,000 ரூபாவுக்கு, 20 ஆண்டுக் குத்தகையாக ஒரு கம்பனியின் கைக்குப் போயின. சில ஆண்டுகளுக்குள் பார்கள் வெறுமையாகின, கம்பனியும் கலைந்தது. இந்தக் கணக்கெல்லாம் ஆவணங்களில் பத்திரமாக இருக்கிறது. அந்த ஆவணங்கள் எதிலும் வரவு வைக்கப்படாத ஒன்றைப் பற்றியதுதான் இந்த அத்தியாயம்: கொட்டுகளில் அழுகிப்போன சிப்பிச் சதை.

கொட்டு என்பது வேலியடைத்த வெளி. குளிகாரரின் ஒரு பங்கும் அரசின் இரண்டு பங்கும் பிரிந்து ஏலம் முடிந்ததும், வாங்கியவர் தம் சிப்பிகளை அங்கே குவித்து அழுகவிடுவார். வெயிலும் ஈயும் புழுவும் ஒரு வாரத்துக்கு மேல் தம் வேலையைச் செய்யும். சதை கூழானதும் பழைய வள்ளங்களில் கடல்நீர் நிரப்பி அலசுவார்கள். அலசுகிறவர் கையை வாய்ப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. முத்தை விழுங்கிவிடுவார் என்று பயம். அடியில் மணலோடு தங்குவதைச் சலித்துச் சலித்து முத்தைப் பொறுக்குவார்கள். சதையும் புழுவும் கடலோடு போயின. ஓடுகள் கரையில் மேடாகின. முத்து எங்கே, எப்படி உண்டாகிறது என்ற கேள்விக்கான விடை மட்டுமல்ல, மனித எலும்பு எப்படி உண்டாகிறது என்ற கேள்விக்கான விடையின் ஒரு துண்டும் அந்தக் கழிவு நீரில் கரைந்திருந்தது. அது தெரியவர இன்னும் ஒரு நூற்றாண்டு ஆனது.

சலாபம் என்றதும் அரிப்பும் சிலாவத்துறையும் மரிச்சுக்கட்டியுமே பேசப்படுகின்றன. அவை மன்னார்ப் பக்கத்தவை. நம் புத்தளக் கரைக்கும் இதில் பழைய பங்கு உண்டு. மோதரகம் ஆற்றுக்குத் தெற்கே குதிரைமலை முனை, அதற்குக் கீழே பொம்பரிப்பு, காரைதீவு, டச்சுக் குடா, கற்பிட்டி, பிறகு உடப்பைத் தாண்டிச் சிலாபம். இந்தக் கரைக்கு எதிரே கடலடியில் காரைதீவுப் பாரும் சிலாபப் பாரும் கிடக்கின்றன. 1344இல் இங்கே வந்திறங்கிய இபுனு பதூதா, தாம் பத்தாலா என்று எழுதிய புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தியின் முன்னால் முத்துகளைத் தரம் பிரித்துக்கொண்டிருந்ததைக் கண்டதாகச் சொல்கிறார். தரம் பிரிப்பதில் நம் ஆட்கள் அன்றே கைதேர்ந்தவர்கள். ஆனால் முத்து எப்படி விளைகிறது என்று நுணுக்குக்காட்டி வைத்துப் பார்க்க மேலும் 500 ஆண்டுகள் கழிய வேண்டியிருந்தது.

அதற்கு முதலில் அமர்த்தப்பட்டவர் எட்வர்ட் பிரடெரிக் கெலாட். இலங்கையிலேயே பிறந்த வைத்தியர், இந்தத் தீவின் விலங்குகளையும் கடல் உயிர்களையும் வாழ்நாள் முழுக்க விவரித்து எழுதியவர். 1857 முதல் சிப்பிகளை அறுத்துப் பார்த்தார். அவற்றின் உடலில் ஒட்டுண்ணிப் புழுக்கள் இருப்பதைக் கண்டு, முத்தின் கருவுக்கும் அவற்றுக்கும் தொடர்பிருக்கலாம் என்று அறிக்கை எழுதினார். 1860இல் அவர் இறந்ததோடு அந்த வேலை நின்றுபோயிற்று. இலங்கை மண்ணில் பிறந்த ஒருவர் இந்த ஆராய்ச்சியைத் தொடங்கி வைத்தார் என்பதை நம் பாடப்புத்தகங்கள் சொல்ல வேண்டும்.

1902 தொடக்கத்தில் லிவர்பூல் பேராசிரியர் டபிள்யூ. ஏ. ஹெர்ட்மன் வந்தார். உடன் ஜேம்ஸ் ஹொர்னெல். ‘லேடி ஹவ்லொக்’ என்ற நீராவிக் கப்பலில் பார் பாராகச் சென்று அடிமண்ணையும் உயிர்களையும் வாரியெடுத்துப் பார்த்தார்கள். 1903க்கும் 1906க்கும் இடையில் இலண்டன் ரோயல் சொசைட்டி அந்த அறிக்கையை 5 பாகங்களாக வெளியிட்டது. பார்கள் ஏன் திடீர் திடீரென வெறுமையாகின்றன என்பதற்கு ஹெர்ட்மன் சொன்ன காரணங்கள் இன்றும் படிக்கத் தக்கவை: தென்மேற்குப் பருவக்காற்று மணலைப் பெயர்த்துக் குஞ்சுச் சிப்பிகளை மூடிவிடுகிறது, திருக்கையும் நட்சத்திர மீனும் தின்கின்றன, ஒன்றின்மேல் ஒன்றாக நெருங்கி வளர்ந்தவை வளர்ச்சி குன்றிச் சாகின்றன. முத்தைப் பற்றி அவர் சொன்னது வேறு. திருக்கையின் குடலில் முதிரும் ஒரு நாடாப்புழுவின் குடம்பி சிப்பியின் சதைக்குள் புகுந்து சாக, அதைச் சுற்றியே உயர்ந்த முத்து விளைகிறது என்றார். கெலாட்டின் புழுவுக்கு இப்படி ஒரு பெயரும் வாழ்க்கைச் சரிதமும் கிடைத்தன.

லிஸ்டர் ஜேம்சன் என்பவர் இதை ஏற்கவில்லை. இலங்கை முத்துகளையே எடுத்து அறுத்து, தேய்த்து, உள்ளே பார்த்து, நாடாப்புழுக் கொள்கைக்குச் சான்று போதாது என்று 1912இல் விரிவாக எழுதினார். இந்த வழக்கில் நான் ஜேம்சன் பக்கம். புழு வரலாம், வராமலும் போகலாம். முக்கியமானது புழுவைச் சூழும் கலங்கள். சிப்பியின் ஓட்டுக்கு உட்புறமாக ஒட்டியிருக்கும் மெல்லிய சதைப் போர்வையை மென்மூடி என்கிறோம். அதன் மேற்படைக் கலங்களின் வேலை ஓடு கட்டுவது. அவற்றில் சில, எந்தக் காரணத்தாலோ, இடம்பெயர்ந்து உட்சதைக்குள் போய்விடுகின்றன. அங்கே பெருகி ஒரு சிறு பையாகின்றன. இடம் மாறினாலும் தொழிலை மறக்காமல், ஓட்டின் உட்பக்கத்தில் எந்த முத்துப்படையைப் பூசினவோ அதையே பைக்குள் பூசுகின்றன. பூச்சு வளைந்து வளைந்து உருண்டையாகிறது. முத்து என்பது இவ்வளவுதான்: இருக்க வேண்டிய இடத்தில் இல்லாத கலங்கள் தம் வேலையை விடாமல் செய்தது.

ஜப்பானில் 20ஆம் நூற்றாண்டின் முதற்பத்தாண்டில் மிசேயும் நிஷிகாவாவும் இதையே தொழில்நுட்பமாக்கினார்கள். ஒரு சிப்பியின் மென்மூடியிலிருந்து சிறு துண்டை வெட்டி, ஒரு மணியோடு சேர்த்து இன்னொரு சிப்பியின் சதைக்குள் வைத்தால் போதும், பை உண்டாகும். புழு தேவையில்லை. மன்னார் வளைகுடாவின் எதிர்க்கரையில், தூத்துக்குடியில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கே. அழகர்சுவாமி 1973இல் இதே முறையில் இந்தியாவின் முதல் வளர்ப்பு முத்துகளை எடுத்தார். அவர் பயன்படுத்திய சிப்பி, நம் பார்களில் கிடக்கும் அதே பிங்க்டாடா பியூகாட்டா.

இந்த இடத்தில் கடலை விட்டு, அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. அங்கே மார்ஷல் யூரிஸ்ட் என்ற எலும்புச் சத்திரசிகிச்சை நிபுணர் 1965இல் ஒரு பரிசோதனையை வெளியிட்டார். எலும்புத் துண்டை அமிலத்தில் ஊறவைத்து அதிலிருந்த கல்சியம் முழுவதையும் நீக்கிவிட்டார். மிஞ்சியது வளைந்து நெளியும் வெறும் புரதச் சக்கை. அதை முயலின் தசைக்குள் வைத்துத் தைத்தார். சில வாரங்களில் தசைக்குள் புதிய எலும்பு வளர்ந்திருந்தது. பக்கத்தில் எலும்பு எதுவும் இல்லை. தசையில் இருந்த சாதாரணக் கலங்கள், சக்கையில் இருந்த ஏதோ ஒன்றுக்குச் செவிகொடுத்து எலும்புக் கலங்களாக மாறியிருந்தன. சிப்பியின் முத்தையும் முயலின் இந்த எலும்பையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க என்னைத் தூண்டியது இந்தப் பரிசோதனைதான். இரண்டிலும் இடம் தப்பிய ஒரு கட்டுமானம். ஒரு வேறுபாடு உண்டு. சிப்பியில் கட்டுகிற கலமே இடம் மாறிப் போயிற்று. முயலில் கலம் இருந்த இடத்திலேயே இருந்து, கட்டச் சொல்லும் செய்திதான் இடம் மாறி வந்தது.

அந்தச் செய்தியைத் தேடியவர்களில் இந்தியாவில் பிறந்த ஹரி ரெட்டியும் ஒருவர். அவரும் நோபல் பரிசு பெற்ற சார்ல்ஸ் ஹக்கின்ஸும் 1972இல் எலிகளில் யூரிஸ்டின் பரிசோதனையை நாள் நாளாகத் தொடர்ந்து பார்த்தார்கள். தோலுக்கடியில் சக்கையை வைத்த மறுநாளே கலங்கள் அதை நோக்கி நகர்கின்றன. 3ஆம் நாள் பெருகுகின்றன. 5 முதல் 7 நாட்களுக்குள் குருத்தெலும்பு. 9ஆம் நாள் இரத்தக் குழாய்கள் உள்ளே நுழைகின்றன. 10, 11 நாட்களில் எலும்பு. 21ஆம் நாள் அந்த எலும்புக்குள் மச்சையே உண்டாகிவிடுகிறது. கருவில் எலும்பு எந்த ஒழுங்கில் உருவாகிறதோ அதே ஒழுங்கு, வளர்ந்த எலியின் தோலுக்கடியில், 3 வாரத்தில். உயிரியலில் இதைவிட அழகான நாட்குறிப்பை நான் படித்ததில்லை.

1981இல் குபேர் சம்பத்தும் ரெட்டியும் அந்தச் சக்கையைக் கரைத்து இரண்டாகப் பிரித்தார்கள். கரைந்ததைத் தனியே வைத்தால் எலும்பு வரவில்லை. கரையாததைத் தனியே வைத்தாலும் வரவில்லை. இரண்டையும் மீண்டும் கலந்தபோது எலும்பு வந்தது. ஆக, செய்தி கரையும் பகுதியில் இருக்கிறது. அது தங்கி நின்று பேச ஒரு தளம் வேண்டும். 1988இல் வொஸ்னி குழுவினர் அந்தச் செய்திப் புரதங்களின் மரபணுக்களைப் பிரித்தெடுத்தார்கள். எலும்புருவாக்கப் புரதம் என்று யூரிஸ்ட் முன்பே பெயரிட்டிருந்தார். சுருக்கமாக பி.எம்.பி. அதில் 2ஆம் எண் புரதம் நம் கதைக்குத் தேவை.

அந்தப் புரதம் ஒரு கலத்தைத் தொட்டதும் உள்ளே என்ன நடக்கிறது? கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். உடலின் ஒவ்வொரு கலத்திலும் மரபணுத் தொகுதி ஒன்றேதான். உடப்பில் எல்லா வீட்டிலும் ஒரே பஞ்சாங்கம் தொங்கும்; கடலுக்குப் போகிறவர் பௌர்ணமியைப் பார்ப்பார், கலியாண வீட்டார் முகூர்த்தத்தைப் பார்ப்பார்கள், விரதம் பிடிக்கிறவர் ஏகாதசியைப் பார்ப்பார். அப்படித்தான் ஈரல் கலம் தன் பக்கங்களைப் படிக்கிறது, நரம்புக் கலம் தன் பக்கங்களைப் படிக்கிறது. எலும்பு மச்சையில் இன்னும் எந்தப் பக்கம் என்று முடிவு செய்யாத கலங்கள் சில உண்டு. மொஸ்கோவில் அலெக்சாண்டர் பிரீடென்ஸ்ரைன் 1960களிலும் 70களிலும் அவற்றைக் கண்டறிந்தார். கண்ணாடித் தட்டில் மச்சையை ஊற்றினால் இரத்தக் கலங்கள் மிதக்கும். தட்டில் ஒட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாகப் பெருகுபவை இவை. மூலக்கலங்கள் என்று சொல்லலாம். எலும்பாகவும் குருத்தெலும்பாகவும் கொழுப்பாகவும் மாறக்கூடியவை.

பி.எம்.பி. புரதம் கலத்தின் மேற்பரப்பிலுள்ள ஏற்பியில் பொருந்துகிறது. ஏற்பியின் உட்பக்கம் ஸ்மாட் என்ற புரதங்களில் ஒரு பொசுபேற்றை ஒட்டிவிடுகிறது. அவை கருவுக்குள் நுழைந்து சில மரபணுக்களை விழிக்கச் செய்கின்றன. விழிப்பவற்றில் தலையாயது ரன்க்ஸ்2. இதன் ஆற்றலை உலகம் 1997இல் அறிந்தது. ஜப்பானில் தொஷிஹிசா கொமோரியின் குழுவினர் இந்த மரபணு இல்லாத எலிகளை உருவாக்கினார்கள். குட்டிகள் பிறந்தன. கை, கால், விலா, மண்டை எல்லாம் உரிய வடிவத்தில் இருந்தன. ஆனால் உடல் முழுவதிலும் எலும்பு என்று ஒரு துகள்கூட இல்லை, பெரும்பாலும் குருத்தெலும்பு. விலாக்கூடு உறுதியில்லாமல் மூச்சுவிட முடியாது பிறந்த உடனே இறந்தன. மனிதரில் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதானால் காறை எலும்பு குறைந்தோ இல்லாமலோ, உச்சிக்குழி நெடுநாள் மூடாமலோ பிள்ளை பிறக்கிறது என்பதும் அதே ஆண்டில் தெரியவந்தது. 2002இல் ஒஸ்டெரிக்ஸ் என்ற இன்னொன்று கண்டுபிடிக்கப்பட்டது. அது ரன்க்ஸ்2க்குப் பிறகு விழிப்பது. அது இல்லாவிட்டாலும் எலும்பு இல்லை.

ஒன்று விழிக்கும்போது இன்னொன்று உறங்க வேண்டியிருக்கிறது. அதே மூலக்கலத்தைக் கொழுப்புக் கலமாக்கும் பி.பி.ஏ.ஆர். காமா என்ற மரபணு, எலும்பின் பாதையில் அடக்கப்படுகிறது. முதுமையில் எலும்பு மெலிந்து மச்சையில் கொழுப்பு கூடுவதற்கு இந்தத் தராசு சாய்வதும் ஒரு காரணம்.

அமெரிக்காவின் மசச்சூசெட்ஸில் கேரி ஸ்ரைனும் ஜேன் லியனும் 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில், எலிக் கருக்களின் மண்டையோட்டிலிருந்து எடுத்த கலங்களைத் தட்டில் வளர்த்து, எந்த நாளில் எந்த மரபணு இயங்குகிறது என்று வரிசைப்படுத்தினார்கள். முதலில் கலங்கள் பெருகும் காலம். அப்போது பிரிவுக்குரிய மரபணுக்கள்தான் ஓங்கி நிற்கும். தட்டு நிறைந்து, கலம் கலத்தைத் தொட்டதும் அவை அடங்கும். அடுத்து அல்கலைன் பொஸ்பற்றேஸ் என்ற நொதியத்தின் மரபணு உயரும். கொலாஜன் சட்டகம் முதிரும் காலம் இது. கட்டுமானத்துக்குச் சாரம் கட்டுவதும் பொசுபேற்றைத் திரட்டுவதும் இப்போது நடக்கும். கடைசியில் கனிமம் படியும் காலம். ஒஸ்டியோகல்சின் போன்ற மரபணுக்கள் இப்போதுதான் உச்சம் தொடும். மூன்று வாரம் கழித்துத் தட்டில் அலிசரின் சாயத்தை ஊற்றினால் கல்சியம் படிந்த இடங்கள் சிவப்பாகத் தெரியும். பெருகுவதை நிறுத்தாத கலம் கட்டத் தொடங்குவதில்லை.

சரி, சிப்பிக்கும் இதற்கும் என்ன?

1988இல் பி.எம்.பி. மரபணுக்களின் எழுத்து வரிசை வெளிவந்தபோதே ஒரு வியப்பு காத்திருந்தது. பழ ஈயின் கருவில் முதுகு எது, வயிறு எது என்று வகுக்கும் ஒரு மரபணுவோடு அவை நெருங்கிய உறவு. ஈக்கு எலும்பே கிடையாது. 1993இல் சம்பத்தும் அவருடன் பணியாற்றியவர்களும் ஈயின் புரதத்தை எலியின் தோலுக்கடியில் வைத்தார்கள். எலும்பு வளர்ந்தது. அதே ஆண்டில் வேறொரு குழு, அந்த மரபணு பழுதான ஈக் கருவுக்கு மனித பி.எம்.பி.-4இன் வரிசையைக் கொடுத்தது. கருவின் முதுகு, வயிறு ஒழுங்கு மீண்டது. 50 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே பிரிந்த இரண்டு கிளைகள் இன்னும் ஒரே செய்தியைப் புரிந்துகொள்கின்றன.

2008இல் ஜப்பானிய ஆய்வாளர் குழு ஒன்று பிங்க்டாடா பியூகாட்டாவின் பி.எம்.பி.-2 மரபணுவைப் பிரித்தெடுத்தது. அதன் செயற்படும் முனைப் பகுதியைப் பற்றீரியாவில் உற்பத்தி செய்து, எலியின் மூலக்கலங்களுக்குக் கொடுத்தார்கள். அவை எலும்புக் கலங்களின் பாதையில் திரும்பின. காரைதீவுப் பாரிலும் சிலாபப் பாரிலும் குளிகாரர் மூச்சடக்கி வாரியெடுத்த அதே இனத்துச் சிப்பியின் புரதம், பாலூட்டியின் கலத்திடம் “எலும்பாகு” என்றது, கலம் கேட்டது.

இதிலிருந்து சிப்பியும் எலும்பு கட்டுகிறது என்று எண்ணிவிடக் கூடாது. எலும்பின் கனிமம் கல்சியம் பொசுபேற்று. முத்தின் கனிமம் கல்சியம் காபனேற்று. செய்தி ஒன்றாக இருந்தாலும் அதைப் பெறும் கலத்தில் எந்தக் கதவுகள் ஏற்கெனவே திறந்திருக்கின்றன என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. எலியின் மூலக்கலத்தில் ரன்க்ஸ்2 விழிக்கக் காத்திருக்கிறது. சிப்பியின் மென்மூடியில் வேறு மரபணுக்கள் இயங்குகின்றன. அவற்றில் பிஃப் என்ற ஒன்றை டோக்கியோவில் மிச்சியோ சுசுகியின் குழு 2009இல் கண்டது. உயிருள்ள சிப்பிக்கு ஊசி போட்டு அந்த மரபணுவின் செய்தியை மட்டும் தணித்தபோது, அடுக்கடுக்காகச் சீராக வளர வேண்டிய முத்துப்படை குழம்பிப் போயிற்று. 2012இல் ஒக்கினாவா நிறுவனத்தார் இந்தச் சிப்பியின் மரபணுத் தொகுதி முழுவதையும் வாசித்து வெளியிட்டார்கள். ஒரு நூற்றாண்டுக்கு முன் ஹெர்ட்மனும் ஜேம்சனும் வழக்காடிய விலங்கின் முழு ஏடு இப்போது எவரும் திறந்து பார்க்கக் கூடியதாக இருக்கிறது.

முத்துப்படையும் எலும்பும் ஒன்றையொன்று ஏற்கும் என்பதை ஆய்வுகூடத்துக்கு முன்பே அறிந்த கைகளும் இருந்தன. மத்திய அமெரிக்காவின் ஹொண்டூராஸில், உலுவா பள்ளத்தாக்கில், 1931இல் ஒரு தாடையெலும்பு கிடைத்தது. சுமார் கி.பி. 600ஆம் ஆண்டைச் சேர்ந்த மாயா மனிதர் ஒருவருடையது. முன்பற்கள் மூன்றின் இடத்தில் சிப்பி ஓட்டைச் செதுக்கிப் பதித்திருந்தார்கள். இறந்தவருக்குச் செய்த அலங்காரம் என்றே நெடுங்காலம் எண்ணினார்கள். 1970இல் அதைக் கதிர்ப்படம் எடுத்தபோது, ஓட்டுத் துண்டுகளைச் சுற்றிப் புதிய எலும்பு வளர்ந்திருந்தது தெரிந்தது. உயிரோடு இருக்கும்போதே பதித்திருக்கிறார்கள், தாடையும் ஏற்றிருக்கிறது. 1992இல் பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் எவலின் லோப்பெஸ் குழுவினர், நம் சிப்பியின் பெரிய உறவான பிங்க்டாடா மாக்சிமாவின் முத்துப்படைத் துண்டுகளை மனித எலும்புக் கலங்களோடு வளர்த்து, அவற்றின் பக்கத்தில் புதிய எலும்புப் பொருள் படிவதைக் காட்டினார்கள். பிறகு முத்துப்படையிலிருந்து நீரில் கரையும் பகுதியைப் பிரித்து எலும்பு மச்சையின் கலங்களுக்குக் கொடுத்தபோது, நாம் மேலே பார்த்த அதே அல்கலைன் பொஸ்பற்றேஸ் உயர்ந்தது. நிலையான ஓடு என்று நாம் நினைக்கும் பொருளுக்குள் அதைக் கட்டிய கலங்களின் செய்திகள் உறைந்து கிடக்கின்றன.

ஒரு எச்சரிக்கையை இங்கே எழுதாமல் போக முடியாது. சித்த வைத்தியத்தில் முத்துப் பற்பமும் சிப்பிப் பற்பமும் உண்டு. இந்த ஆய்வுகளைக் காட்டி, அவற்றை உண்டால் எலும்பு வளரும் என்று விற்பவர்கள் வருவார்கள். அவர்களை நம்பாதீர்கள். மேலே சொன்னதெல்லாம் கலத்தின் பக்கத்திலேயே வைத்த புரதங்களைப் பற்றியது. புடம் போட்ட சாம்பலில் புரதம் எரிந்துவிடும். இரைப்பைக்குப் போனால் எந்தப் புரதமும் செரித்துவிடும். தூய்மையான பி.எம்.பி.-2கூட எளிய மருந்து அல்ல. அமெரிக்காவில் 2002இல் முள்ளந்தண்டுச் சத்திரசிகிச்சைக்கு அதை அனுமதித்தார்கள். 2008இல் கழுத்துப் பகுதியில் பயன்படுத்தியவர்களுக்கு ஆபத்தான வீக்கம் வந்ததாக அரசே எச்சரிக்கை விட்டது. வேண்டாத இடத்தில் எலும்பு வளர்ந்த நோயாளிகளும் உண்டு. பி.எம்.பி. ஏற்பியின் மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறியதால் தசைகளெல்லாம் எலும்பாகும் அரிய நோய் வருகிறது என்று 2006இல் கண்டறிந்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்குச் சிறு காயமும் ஒரு புதிய எலும்பு. சிப்பியின் சதையில் இடம் தப்பி விளைந்ததை மன்னர்கள் முடியில் சூடினார்கள். மனிதரின் தசையில் இடம் தப்பி விளைவது ஒரு வாழ்க்கையையே பூட்டிவிடுகிறது.

கெலாட்டோடு நின்றுபோன நம் பார்களின் அறிவியல் 1902இல் ஒரு கப்பலில் மீண்டும் தொடங்கியது. சலாபத்தின் வருமானம் குறைந்ததும் அது சுருங்கியது. வருமானத்துக்காக மட்டும் தேடப்பட்ட அறிவு வருமானத்தோடு போய்விடும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. இந்தச் சிப்பியைப் பற்றிய பெரிய கண்டுபிடிப்புகள் ஜப்பானில் நடந்தன, இந்தியாவில் நடந்தன. அதற்காக அவர்களை வாழ்த்துவோம். ஆனால் தென்மேற்குக் காற்றில் மணல் பெயரும் நம் பாரில், நம் வெப்பத்தில், நம் உவர்ப்பில் வளரும் சிப்பியின் மென்மூடியில் எந்த மரபணு எந்த மாதத்தில் இயங்குகிறது என்பதை இங்கிருந்துதான் பார்க்க முடியும்.

அதனால் ஒரு வேண்டுகோள். புத்தளத்திலும் கற்பிட்டியிலும் சிலாபத்திலும் உயர்தர உயிரியல் படிக்கும் பிள்ளைகளே, அவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களே, கற்பிட்டியில் நீரியல் வளங்களை ஆராயும் நாரா நிறுவனத்தின் நிலையம் இருக்கிறது. மாகந்துறையில் வயம்பப் பல்கலைக்கழகம் மீன்பிடியியல் கற்பிக்கிறது. அவற்றின் கதவைத் தட்டுங்கள். கடல் தொழில் செய்யும் அண்ணன்மாரே, வலையில் முத்துச் சிப்பி ஏறினால் எந்தப் பக்கம், எத்தனை பாகம் ஆழம், எந்தத் திகதி என்று ஒரு தாளில் எழுதி அவர்களிடம் சேர்த்துவிடுங்கள். பார்களின் புதிய வரைபடம் அந்தத் தாள்களிலிருந்துதான் தொடங்கும்.

அடுத்த அத்தியாயத்தில் 1925ஆம் ஆண்டுச் சலாபம்.

(தொடரும்)